டக் டக் என்று அடித்தால் கையை எடுங்கள்

கொம்பியூட்டர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றை எடுத்திருக்கிறேன். மூன்றும் ஹாட் டிஸ்க் பற்றியவை. மாரி தொடங்கினால் இப்படித்தான். கரன்ட் போய்ப் போய் வரும், கல்லடியில் என் கடை மேசையும் நிறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் 2007இல் வாங்கிய மேசைக் கொம்பியூட்டர் இருக்கிறது. போன கிழமை இடிமழையோடு கரன்ட் மூன்று தரம் போய் வந்தது. அதற்குப் பிறகு போட்டால் கறுப்புத் திரையில் இங்கிலீசில் ஒரு வரி வந்து நிற்கிறது. பெட்டிக்குள் டக், டக் என்று சத்தம். ரவுனில் ஒரு கடையில் காட்டினேன். "ஹாட் டிஸ்க் செத்துப் போச்சு, பெட்டியும் பழசு, எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன், விண்டோஸ் சீடியைப் போட்டு, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறான். காலமான என் கணவர் பழைய கொப்பிகளைப் பார்த்து ரைப் பண்ணிய வடமோடிக் கூத்து இரண்டும் தென்மோடி ஒன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. புதுசு வாங்குவது பெரிய காரியமில்லை. கூத்து கிடைக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வந்தாறுமூலை

பதில்: ரீச்சர், இதை வாசிக்கும்போது அந்தப் பெட்டியின் வயர் சுவரில் இருந்தால், முதலில் எழும்பிப் போய்க் கழற்றிவிட்டு வாருங்கள். மற்றதை மறுகா கதைப்போம். இன்னும் ஒரு தரம் போட்டுப் பார்ப்போமே என்று கை போகும். போடாதீர்கள்.

கடைக்காரர் உங்களுக்குப் பெட்டியைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார். மகன் விண்டோஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்டது கூத்தை. ஆகவே நான் ஸ்குரூ ட்ரைவரை எடுப்பதற்கு முதல் அலுமாரியைத் திறக்கச் சொல்வேன். சேர் அந்த மூன்றையும் யாருக்காவது பிரதி எடுத்துக் கொடுத்தாரா? அச்சகத்துக்குக் கொடுத்தாரா? மகனுக்கு ஈமெயிலில் அனுப்பினாரா? மேசை லாச்சிக்குள் சீடியோ பழைய பென் ட்ரைவோ கிடக்கிறதா? கூத்துக் கொப்பி ஒரு வீட்டில் மட்டும் தங்குகிற சாமான் இல்லை. அண்ணாவியாரிடம் ஒன்று இருக்கும், களரியில் கொப்பி பார்த்தவரிடம் ஒன்று இருக்கும். அவர் பார்த்து ரைப் பண்ணிய மூலக் கொப்பிகள் இப்போது யார் வீட்டில்? ஒருமுறை ஒரு கோயில் கணக்கை எடுக்க நான்கு நாள் மினக்கெட்டேன். ஐந்தாம் நாள், அது முழுவதும் அச்சகத்தாரின் ஈமெயிலில் ஆறு மாதமாகக் கிடந்தது தெரியவந்தது. செலவில்லாத மீட்பு அதுதான். அதைத் தேடி முடிக்கும்வரை டிஸ்க் தன்பாட்டில் கிடக்கட்டும்.

சரி, எங்கும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தச் சத்தத்துக்கு வருவோம்.

கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைப்பார்கள். நாங்களும் அதே வேலைதான் செய்கிறோம். ஸ்குரூ ட்ரைவரின் நுனியை டிஸ்க்கின் மேல் வைத்து, பிடியில் காதை வைத்தால் உள்ளே நடப்பது முழுக்கக் கேட்கும். எல்லாம் பதிந்திருக்கும் தட்டு சுற்றத் தொடங்குகிற ஊளை, பிறகு அதை வாசிக்கிற ஹெட் இறங்கி மெல்லியதாகச் சுரண்டுகிற சத்தம். இதுதான் சுகமான டிஸ்க். மேசைக் கொம்பியூட்டர் டிஸ்க்குகளில் அநேகமானவை நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது செக்கனுக்கு 120. அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேலே சில நானோமீற்றர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பே பெரும்பாலும் 50,000 நானோமீற்றருக்கு மேல்.

தான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று ஹெட்டுக்குத் தெரிவது தட்டிலேயே எழுதப்பட்டிருக்கும் காந்தக் குறிகளால். பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்த்துத் தோணிக்காரர் கரையைக் கணிக்கிற மாதிரி. அந்தக் குறியை வாசிக்க முடியாவிட்டால் ஹெட் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி, மறுபடி வெளிக்கிட்டு, மறுபடி திரும்புகிறது. ஒவ்வொரு திரும்பலும் ஒரு 'டக்'. ஹெட் பழுதாகிவிட்டால், அது தட்டை உரசி உங்கள் கூத்தைச் சுரண்டிக்கொண்டும் இருக்கலாம். கையை எடுங்கள் என்று நான் கத்துவது அதற்காகத்தான்.

ஆனால் கடைக்காரர் மாதிரி நான் மரணச் சான்றிதழ் எழுத மாட்டேன். கரன்ட் மூன்று தரம் போய் வந்த பிறகு வந்த 'டக்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு துப்பு. டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் போகிறது, சேர்க்கிட்டுக்கு 5 வோல்ட். சுவர்க் கரன்டை மாற்றிக் கொடுக்கிற பழைய பவர் சப்ளைக்குள், கரன்டைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிற்றர்கள் களைத்துப்போனால், தட்டு வேகம் எடுக்கும் நேரத்தில் அந்த 12 விழுந்துவிடும். மோட்டார் தளரும், ஹெட் உள்ளே ஓடும், அதே 'டக்' கேட்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று என் மேசைக்கு வந்து, வேறு பவர் சப்ளையில் போட்டவுடன் ஒன்றும் நடக்காதது போலச் சுற்றியவை இருக்கின்றன. எல்லாமே அப்படி இல்லை, சில. அந்தச் சிலதுக்காக ஒரு சோதனை செய்யலாம், ஒரேயொரு தரம்.

டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். நான்கு ஸ்குரூ, இரண்டு வயர். அகலமான நாடா மாதிரிக் கேபிள் வந்தால் அது ஐடிஈ, 40 ஊசி. மெல்லிய ஒற்றைக் கேபிள் வந்தால் சாட்டா. 2007 பெட்டியில் இரண்டும் வரக்கூடும். ஐடிஈ என்றால் பின்பக்கத்தில் ஜம்பர் என்று ஒரு சின்னப் பிளாஸ்திக் துண்டு இருக்கும், அது நிற்கும் இடத்தைப் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு நல்ல பவர் சப்ளை உள்ள இன்னொரு கொம்பியூட்டரில் இரண்டாவது டிஸ்க்காகப் போட வேண்டும். யூஎஸ்பி அடப்டரும் சரிதான், ஆனால் தனி 12 வோல்ட் வயர் உள்ளது வேண்டும். யூஎஸ்பியின் 5 வோல்ட் மட்டும் இந்தப் பெரிய டிஸ்க்கைச் சுற்றப் போதாது. அங்கேயும் 'டக்' கேட்டால் உடனே நிறுத்துங்கள், வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. அமைதியாகச் சுற்றினால் கடவுளைக் கும்பிட்டுவிட்டு, வேறெதையும் திறக்காமல், முதலில் கூத்து இருக்கும் ஃபோல்டரை மட்டும் பிரதி எடுங்கள். படமும் பாட்டும் பிறகு. "இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கலாம். 'இல்லை' என்று சொல்லுங்கள். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான்.

மகன் சொன்ன செக்டிஸ்க் பற்றி. தம்பி நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், நானும் அதே நல்ல மனதோடு ஒருவரின் சொத்தை அழித்திருக்கிறேன். கடை திறந்த புதிதில் ஒரு படப்பிடிப்பாளர் டிஸ்க் ஒன்று கொண்டுவந்தார், ஒரு கலியாணத்தின் படங்கள். டிஸ்க் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் கெட்டித்தனமாகச் செக்டிஸ்க்கை ஓட்டிவிட்டு ரீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஃபோல்டர்கள் எல்லாம் போய், ஃபவுண்ட் 000 என்ற ஒன்றே ஒன்று நின்றது. அதற்குள் பெயரில்லாத துண்டுகள். தாலி கட்டும் படத்தைத் தேடிப் பிடித்தேன். மாப்பிள்ளையின் நெற்றி தெரிந்தது, பொம்பிளையின் பட்டுச்சேலைக் கரை தெரிந்தது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். செக்டிஸ்க் படங்களைக் காப்பாற்ற வந்ததல்ல. பட்டியலை ஒழுங்காக்க வந்தது. வாசிக்க முடியாததை வெட்டி எறிந்துவிட்டு 'இப்போது எல்லாம் சரி' என்று சொல்லும், அதையும் நோயாளி டிஸ்க்கின் மேலேயே எழுதும். சுகமான டிஸ்க்கில் ஓட்டலாம். சாகக் கிடக்கிறதில் வேண்டாம்.

அதற்குப் பதிலாக நாங்கள் பயன்படுத்துவது டிடி ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள். லினக்ஸ் பென் ட்ரைவ் ஒன்றிலிருந்து கொம்பியூட்டரை எழுப்பி அதை ஓட்டுவோம். 'டக்' அடிக்காமல், ஆனால் அங்கங்கே வாசிக்க மறுத்து இழுபடுகிற டிஸ்க்குக்கு அது உயிர். வட்டையில் அறுவடை மெசின் ஓட்டுகிறவர் எப்படிச் செய்வார்? காய்ந்த வயல்களை முதலில் வெட்டிக் கரைசேர்ப்பார், தண்ணீர் நிற்கும் பள்ளத்தைக் கடைசிக்கு விடுவார். இதுவும் அப்படியே. சுலபமாக வாசிக்கக்கூடியதை முதலில் அள்ளிக்கொண்டு, இடறிய இடங்களை ஒரு குறிப்பில் எழுதிவைத்து, பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போகும். நடுவில் கரன்ட் போனாலும் குறிப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்கென்றே செய்த மாதிரி. அள்ளிப் போட, பழசைவிடச் சிறியதல்லாத வேறொரு டிஸ்க் வேண்டும். ஒரேயொரு பயங்கரம் உண்டு. எது மூலம், எது பிரதி என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் வெறும் டிஸ்க்கை எடுத்து உங்கள் கூத்தின் மேல் எழுதிவிடும். நான் நோயாளி டிஸ்க்கில் சிவப்பு இன்சுலேசன் ரேப் ஒட்டி, அதன் தொடர் இலக்கத்தைக் கையால் கடதாசியில் எழுதி, திரையில் வருகிற இலக்கத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் 'என்ரர்' அடிப்பேன். உங்களுக்கு இது கஷ்டம் என்றால் பொறுமையான ஆள் ஒருவரிடம் கொடுங்கள். கெட்டிக்காரரைவிடப் பொறுமைசாலி நல்லது.

வேறு பவர் சப்ளையிலும் 'டக்' அடித்தால் வேலை கொழும்புக்குப் போக வேண்டும். தூசில்லாத அறையில் ஹெட் மாற்றுகிற இடங்கள் அங்கே உண்டு. மலிவில்லை. கொடுப்பதற்கு முதல் மூன்றைக் கேளுங்கள்: பார்த்துச் சொல்லவே காசா, ஒன்றும் எடுக்க முடியாவிட்டாலும் காசா, டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா. இங்கே யாராவது மின்விசிறிக்குக் கீழே மேசையில் வைத்து மூடியைத் திறக்கப் பார்த்தால் பறித்துக்கொண்டு வாருங்கள். அந்தச் சில நானோமீற்றர் இடைவெளிக்குள் கல்லடிக் கடற்கரை மணல் ஒள்ளுப்பம் போனால் காணும். ஃபிரிட்ஜுக்குள் வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் காற்றின் ஈரத்துக்கு, வெளியே எடுத்த கையோடு டிஸ்க் வியர்த்துவிடும்.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சேர் அந்தக் காலத்தில் ரைப் பண்ணியிருந்தால் அனேகமாகப் பாமினி எழுத்தில்தான் பண்ணியிருப்பார். அது இங்கிலீஸ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு. மீட்ட ஃபைலைப் புதுக் கொம்பியூட்டரில் திறந்தால் கூத்து இராது. அர்த்தமில்லாத இங்கிலீஸ் எழுத்துகளும் நடுவில் வயலில் நாரை நிற்கிற மாதிரி அரைப்புள்ளிகளும் இருக்கும். 'வைரஸ் தின்றுவிட்டது' என்று அழிக்க வேண்டாம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே அந்த அரைப்புள்ளிதான். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடந்தால் அது 'அம்மா'. பாமினி எழுத்துருவை ஏற்றி, எழுத்தையெல்லாம் தெரிவுசெய்து அதற்கு மாற்றினால் கட்டியகாரன் எழும்பி வருவான். பிறகு, எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டுக்கு மாற்றி இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று மகனிடம். மாற்றிய பிறகு கொம்பு, கால் எல்லாம் தன் இடத்தில் நிற்கிறதா என்று கூத்துத் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பார்க்க வேண்டும். உங்களைவிட வேறு ஆள் யார்?

பெட்டி? அதை எறியத் தேவையில்லை. ஹாட் டிஸ்க் போனது கொம்பியூட்டர் போனதாகாது. உள்ளே பெரிய போர்டான மதர்போர்டில் தகர மூடி போட்ட சின்ன உருளைகள் நிற்கும், அவையும் கெப்பாசிற்றர்கள்தான். அவற்றின் தலை வீங்கியோ கசிந்தோ இருந்தால் பெட்டியைக் கைவிட்டுவிடலாம். தட்டையாக இருந்தால் புதுப் பவர் சப்ளையும் சுற்றும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான சிறிய எஸ்எஸ்டி ஒன்றும் போட்டு, ரைப் பண்ண வைத்துக்கொள்ளலாம். அதோடு, அதே போர்டில் உள்ள காசு வடிவப் பற்றரியையும் மாற்றுங்கள், சீஆர் 2032, 3 வோல்ட். அது செத்தால் திகதி பின்னுக்குப் போவது மட்டுமல்ல, கொம்பியூட்டர் எழும்பும்போது முதலில் ஓடுகிற பயோஸில் டிஸ்க் அமைப்பும் மாறி, நல்ல டிஸ்க்கே செத்த மாதிரி நடிக்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் திரும்பப் போடுவதாக இருந்தால் பயோஸில் சாட்டாவை ஐடிஈ முறைக்கு மாற்றாமல் போட வேண்டாம், 7பீ என்று முடிகிற பிழை எண்ணோடு நீலத்திரை வந்து நிற்கும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும் மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் பெட்டிக்கு இன்ரநெற் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. கொம்பியூட்டர் பெட்டி தரையில் இருந்தது. மூன்று நாள் வெயிலில் காயவைத்துவிட்டேன். இப்போது போடலாமா?
– வாகரை வாசகர்

பதில்: அண்ணன், போடாதீர்கள். வெளியே காய்ந்திருக்கும். ஆனால் சாதாரண ஹாட் டிஸ்க்கில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னத் துளை உண்டு. பக்கத்தில் 'இதை மூட வேண்டாம்' என்று இங்கிலீசில் எழுதியிருக்கும். தண்ணீர் அதனூடாகப் போயிருந்தால் உள்ளே தட்டில் சேறு படிந்து காய்ந்திருக்கும். சுற்றினால் ஹெட் அதில் மோதும்.

உள்ளே முக்கியமான ஒன்றும் இல்லை என்றால் டிஸ்க்கையும் பவர் சப்ளையையும் எறியுங்கள், பவர் சப்ளையைத் திறந்து திருத்தப் போகாதீர்கள். மதர்போர்டைப் பற்றரியைக் கழற்றிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காற்றுப்பட ஒரு கிழமை வைத்துப் பிறகு பார்க்கலாம். பிழைத்தவற்றைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான ஒன்று இருந்தால் டிஸ்க்கை அப்படியே கட்டி மீட்பு வேலை செய்கிறவர்களிடம் அனுப்புங்கள். அடுத்த முறை நனைந்தால் காயவைக்கவே வேண்டாம், ஈரத்தோடு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி அனுப்ப வேண்டும். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் காயும்போதுதான் உப்பும் சேறும் தட்டில் ஒட்டிப் பிடிக்கின்றன. இனிமேல் பெட்டியை மேசைக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: டிஸ்க்கின் சுகத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. கொம்பியூட்டர் நன்றாக வேலை செய்கிறது. இன்னும் எத்தனை நாள் ஓடும்?
– மாணவர், சம்மாந்துறை

பதில்: தம்பி, நாள் குறிக்க நான் சாத்திரியார் இல்லை. நாளைக்கே போகலாம், இரண்டு வருடம் ஓடவும் கூடும். இன்று இரவே பாடக் குறிப்புகளைப் பிரதி எடுத்துவிட்டுப் பிறகு எண்களைப் பாருங்கள். 05 என்பது கைவிட்டு மாற்றிய இடங்கள், சீ5 வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை, சீ6 வாசிக்கவே முடியாதவை. இந்த மூன்றும் பூச்சியமாக இருப்பது நல்லது. 05 மட்டும் சிறியதாக ஒரே எண்ணில் நின்றால் கவனமாக வைத்துப் பாவிக்கலாம். கிழமைக்குக் கிழமை ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். அந்த எண்கள் வழமையாகப் பத்தை அல்ல, பதினாறை அடியாகக் கொண்ட கணக்கில் இருக்கும், அதையும் கவனியுங்கள். அங்கே 64 என்று இருந்தால் எங்கள் கணக்கில் 100.

சீ7இலும் எண் ஏறியிருந்தால் அது வேறு கதை. அது பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க் அல்ல. சாட்டா கேபிளை மாற்றுங்கள். கழற்றிய பழசைத் திரும்ப லாச்சிக்குள் போட வேண்டாம், வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதையே எடுத்துப் பூட்டுவீர்கள். ஏறிய எண் ஒருபோதும் இறங்காது. ஆகவே இன்று உள்ளதை எழுதி வைத்து, பத்து நாள் கழித்துப் பாருங்கள். அதே எண்ணில் நின்றால் கேபிள்தான் குற்றவாளி.